மல்லிகைத் தோட்டத்து மண்

கொடைரோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு அஸ்திவாரம் முடிந்திருந்தது. சுவருக்குச் சூளைச் செங்கல் வேண்டாம், பக்கத்து மண்ணைச் சலித்து, கல்லுடைக்கும் கிரஷரில் வீணாகக் குவிந்திருக்கும் கல்தூசியும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து, கை மிஷினில் அழுத்தி நாமே கல் போடலாம் என்று சொன்னவள் நான். கணவர் அரைமனதாகத் தலையாட்டினார். கொத்தனார் ஒரு நிபந்தனை வைத்தார். கல் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தும் கரையக் கூடாது. கரைந்தால் சூளைக்குப் போன் போட்டுவிடுவார்.

அடுத்த தோட்டத்தில் மல்லிகை போட்டிருந்த அக்காவிடம் மண் கேட்டேன். வீடு கட்டும் மண்ணை ஏனோதானோ என்று கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. வருஷக்கணக்கில் சாணமும் ஆட்டுப் புழுக்கையும் போட்டு வளர்த்த மேல்மண்ணை டிராக்டரில் அனுப்பினார். கறுத்து, பொலபொலவென்று இருந்தது. நல்ல மண் என்றே நானும் நினைத்தேன்.

ஈரச்சாக்கு போர்த்தி மூன்று வாரம் நனைத்த கல்லை வாளியில் இறக்கினோம். மறுநாள் அடியில் சேறுதான் கிடந்தது. கொத்தனார் குச்சியால் கலக்கிப் பார்த்தார்.

"இதுல செடி வைக்கலாம்மா. சுவரு வைக்க முடியாது."

இன்னொரு தடவை என்று கேட்டேன். வடமதுரையில் ஒரு வேலையை முடித்துவிட்டு வருவதாகவும், அப்போதும் கரைந்தால் பேச்சே இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

செடியை வளர்க்கும் மக்கிய எரு சிமெண்டைப் பிடிக்க விடாது. மிஷினை வாடகைக்குக் கொடுத்தவரிடம் முதல் கல்லுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டியதை, கரைந்த பிறகு கேட்டேன். அதை அந்த அக்காவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. தன்னிடம் இருந்ததில் சிறந்ததைக் கொடுத்தவர். அது ஆகாது, முழங்காலளவு ஆழத்தில் கிடக்கும் செம்மண்தான் வேண்டும் என்றேன்.

"அந்த மொட்ட மண்ணுல புல்லுகூட மொளைக்காது, தங்கச்சி."

"அதான்க்கா வேணும்."

தோட்டத்தின் ஒரு மூலையைக் கை காட்டினார். "அப்ப மிச்சம் கெடக்குற என் மண்ண கொண்டாந்து கொட்டிரு. நான் பூ எடுப்பேன்."

செடி இல்லாத அந்த மூலையில் தோண்டினோம். ஈரம் சரியாக இருந்தால், கலவையை உருட்டித் தோளுயரத்திலிருந்து போடும்போது நாலைந்து துண்டாக உடையும். பொடியானால் தண்ணீர் குறைவு, சப்பையானால் அதிகம். ஒவ்வொரு கலவையையும் நானே போட்டுப் பார்த்தேன். சரியில்லாததைக் கணவர் மிஷினில் இட நான் விடவில்லை.

போட்டு அடுக்கிய கல்லை மூன்று வாரம் நனைத்த பிறகு கொத்தனார் வந்தார். நான் எடுத்து வைத்திருந்த கல்லை ஒதுக்கிவிட்டு, அடுக்கின் நடுவிலிருந்து ஒன்றை உருவி வாளியில் போட்டார். மறுநாள் அதை வெளியே எடுத்து, மூலையை ஆணியால் கீறினார். லேசாகக் கோடு விழுந்தது, உதிரவில்லை.

"எம்புட்டுக் கல்லு கெடக்கு?"

பாதிச் சுவருக்கு வரும் என்றேன்.

"நிறுத்தாமப் போடுங்க. நாளைக்குச் சுவருக்கு நூல் கட்டிருவேன்."