சத்தமாக வாசித்த பட்டியல்

பென்ஷன் தாள்களை நகலெடுக்கப் போன வாரம் பழங்காநத்தத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரப் பெண் எதையோ தேடி இழுப்பறையைக் கிளறியபோது, பழைய கார்பன் பேப்பர் பெட்டி ஒன்று வெளியே வந்தது. ஒரு தாளை எடுத்து முகர்ந்து பார்த்தேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கென்ன தெரியும், நான் அதற்குள் எண்பதுகளின் நடுவில், மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. டைப்ரைட்டிங் ஹையரில் முதல் வகுப்பு வாங்கிய கர்வம் வேறு. கார்பன் மை கையோடு முகத்தைத் துடைத்துத் துடைத்துக் கன்னமெல்லாம் நீலமாக இருக்கும். செல்லூர் பஸ்ஸில் கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அழகாக இருப்பதால்தான் சிரிக்கிறார் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இலங்கையிலிருந்து படகு படகாக அகதிகள் வந்துகொண்டிருந்த காலம் அது. கரையேறியவர்களைப் பிரித்துப் பல ஊர் முகாம்களுக்கு அனுப்பிவிடுவார்கள். யார் எந்த முகாமில் என்ற பட்டியலை எங்கள் பிரிவில் நான்தான் அடிப்பேன். மேலே 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை. வெளியாருக்கு ஒரு பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. ஏன் என்று கேட்டேன். அதுவும் ரகசியம் என்றார்கள்.

எங்கள் கண்காணிப்பாளர் விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். கூர்மையான காது அவருக்கு. அடுத்த அறையில் நான் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்தால், தட்டும் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்.

ஊருக்கு வெளியே இருந்த முகாமிலிருந்து தங்கம்மா என்ற பெண் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு அடிக்கடி வருவார். தன் பன்னிரண்டு வயது மகள் வசந்தமலரைப் படகில் இடமில்லாமல் பக்கத்து வீட்டாரோடு இன்னொரு படகில் ஏற்றிவிட்டாராம். அந்தப் படகும் கரை சேர்ந்துவிட்டது என்பது வரைக்கும் தெரியும். பிள்ளை எந்த முகாமில் என்றுதான் யாரும் சொல்ல மாட்டேன் என்றார்கள். மனு கொடுத்தால் 'பரிசீலனையில்' என்று பதில் போகும். அந்தப் பதிலையும் நான்தான் அடிப்பேன்.

ஒருநாள் காலையில் வந்த புதுப் பட்டியலில், மூன்றாம் பக்கத்தில் வசந்தமலரின் பெயர் இருந்தது. கதவுக்கு வெளியே பெஞ்சில் தங்கம்மா. எனக்குக் கை ஓடவில்லை. மதியம் தண்ணீர் குடிக்கப் போகும்போது என் முகத்தைப் பார்த்தே அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது.

"சொல்ல வேண்டாம் பிள்ளை. உங்கட வேலைக்குப் பழுது வந்திடும்," என்றார்.

பட்டியல் அடித்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது அலுவலக வழக்கம். ஒருவர் மூலத்தை வாசிக்க, மற்றவர் தட்டச்சுப் பிரதியைச் சரிபார்ப்பார். ரகசியப் பட்டியல் என்றால் கதவைச் சாத்திக்கொண்டு முணுமுணுப்போம். அன்று நான் கதவைச் சாத்தப் போனபோது கண்காணிப்பாளர் தடுத்தார். புழுக்கமாக இருக்கிறது என்றார். வாசிக்கத் தொடங்கினேன்.

"சத்தமா வாசிம்மா. இன்னைக்கு எனக்குக் காது ஒண்ணும் கேக்கல."

அவருக்கா காது கேட்காது? நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். முகாமின் பெயர், பிறகு ஆட்களின் பெயர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தேன். வசந்தமலரின் பெயர் வந்ததும் நிறுத்திவிட்டு வெளியே பார்த்தேன். "ம், மேல போ," என்றார்.

தங்கம்மா எழுந்து ஓடிவிடுவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை. கடைசிப் பெயர் வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல், கண்ணை மூடி உதடுகள் அசைய உட்கார்ந்திருந்தார். சாமி கும்பிடுகிறார் போல என்றுதான் எண்ணினேன்.

அடுத்த மாதம் தங்கம்மா இருந்த முகாமிலிருந்து மனுக்கள் வந்தன. என் தம்பி இன்ன முகாமில், என் தாய் இன்ன முகாமில், அங்கே மாற்றித் தாருங்கள் என்று ஏழெட்டுக் குடும்பங்கள். குறிப்பிட்டிருந்த முகாம்கள் எல்லாமே சரியாக இருந்தன. அந்த உதடுகள் என்ன செய்துகொண்டிருந்தன என்று அப்போதுதான் விளங்கியது. மகள் கிடைத்த நிமிஷத்திலும், ஒரு பெற்றவள் மற்றவர்களின் பிள்ளைகளையும் மனப்பாடம் செய்துகொண்டிருந்திருக்கிறாள். 

ரகசியம் எப்படி வெளியானது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். 'பட்டியல் விதிப்படி ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது. பிழை ஏதுமில்லை' என்று கண்காணிப்பாளர் ஒரே வரியில் பதில் எழுதினார். இரண்டு மாதத்தில் அவருக்குத் தொலைவில் ஓர் ஊருக்கு மாற்றல் வந்தது. "வாரேம்மா," என்று குடையை எடுத்துக்கொண்டு போனவர்தான். அதற்கு முன்பே தங்கம்மாவை மகள் இருக்கும் முகாமுக்கு மாற்றும் ஆணையில் கையெழுத்து வாங்கியிருந்தார்.

இப்போதெல்லாம் அலுவலகங்களில் யாரும் பட்டியலை வாய்விட்டு வாசிப்பதில்லை. ஓய்வு பெறும் முன் அந்தக் கோப்பைத் தேடிப் பார்த்தேன். வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழித்துவிட்டதாகப் பதிவேட்டில் இருந்தது. அந்தப் படகுகளில் வந்தவர்கள் யார் யார் என்று இன்று யாராவது கேட்டால் அரசாங்கத்துக்குத் தெரியாது. தங்கம்மாவுக்குத் தெரியும். அவர் உயிரோடு இருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.