இரண்டு கொய்யாவும் ஒன்றாக விழுந்த மத்தியானம்

பழுத்த கொய்யா வாசனை வந்தால் மற்றவர்களுக்கு நாக்கு ஊறும். எனக்குப் பௌதிகம்தான் ஞாபகம் வரும்...

படிச்சது அஞ்சாம் வகுப்பு, பேசறது பௌதிகமா என்று சிரிக்காதீர்கள்.

அறுபதுகளில் சிதம்பரத்தில் நான் புது மருமகள். வீட்டுக்காரருக்குக் கடலூரில் வேலை; சனிக்கிழமைதான் வருவார். எனக்குத் துணை நாத்தனார் மல்லிகா. என் வயசுதான். எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தாள்.

பாஸானால் மேலே படிக்கலாம், இல்லையென்றால் ஆவணியில் நெல்லிக்குப்பத்து மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று மாமனார் சொல்லிவிட்டார். அவர்களுக்குக் கரும்புத் தோட்டம் ஏராளம். அன்றிலிருந்து மல்லிகா கரும்பையே தொடுவதில்லை.

பௌதிகப் பரீட்சை நெருங்கும்போது பார்த்து வீட்டுக்குத் தூரமாகிவிட்டாள். அந்த நாளில் மூன்று நாளும் பின்கட்டு அறைதான். அவளை யாரும் தொடக் கூடாது. அவளும் புத்தகத்தைத் தொடக் கூடாது. புத்தகம் சரஸ்வதி என்பார் மாமியார். எதுவானாலும் தூக்கித்தான் போட வேண்டும்.

அதனால் புத்தகம் என் மடிக்கு வந்தது.

சமையலறைப் படியில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். நடுவில் வரும் இங்கிலீஷ் எழுத்துகளை விரலால் காற்றில் எழுதிக் காட்டுவேன். அவள் அடுப்புக்கரியால் தரையில் கணக்குப் போடுவாள்.

ஒரு கணக்கு மட்டும் மசியவில்லை. மலை உச்சியிலிருந்து கிடையாக எறிந்த கல் எவ்வளவு நேரத்தில் தரைக்கு வரும்? கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்தே போகவில்லை.

"வேகமா வீசுனா ரொம்ப தூரம் போவுமே அண்ணி... அப்ப லேட்டாத்தானே வுழணும்?"

எனக்கென்ன தெரியும்? போட்டுப் போட்டு அழித்தாள். கண் கலங்கிவிட்டது. ஏதாவது சாப்பிடட்டும் என்று எழுந்து, இரண்டு கையிலும் கொல்லை மரத்துக் கொய்யா எடுத்து, ஒன்றை நேராக அவள் பக்கம் வீசினேன். அதே நொடி மற்றது கை நழுவிவிட்டது.

ஒரே ஒரு 'தொப்'.

மல்லிகா பிடிக்கவே இல்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொருவாட்டி போடு அண்ணி."

போட்டேன். வேகமாகவும் போட்டேன், மெதுவாகவும் போட்டேன். உள்ளேயிருந்து மாமியார் குரல்.

"என்னாடி அங்க தொப்பு தொப்புன்னு?"

"அணில் தள்ளுது அத்தே."

மல்லிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு தரையைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதினாள். "எறிஞ்சாலும் நழுவ வுட்டாலும் கீழ வர்ற நேரம் ஒண்ணுதான் அண்ணி. நாந்தான் முன்னால போறதையும் கீழ வர்றதையும் போட்டுக் கலந்துட்டேன்."

இந்தத் தடவை விடை ஒத்துப்போனது.

நாலாம் நாள் விடிகாலையில் தலைக்கு ஊற்றிக்கொண்டு பரீட்சைக்குப் போனாள். திரும்பி வந்தவள் வாசலிலேயே நின்று, "கொய்யா வந்துச்சு அண்ணி" என்றாள்.

பாஸானாள். மேலே படித்தாள். கடலூரில் பௌதிக டீச்சராகவே இருந்து ரிடையர் ஆனாள். அவளைப் பாஸாக்கிய பௌதிகப் புத்தகம் என் மடியில் இருந்தது என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வேன், வெட்கமில்லை.

இப்போது பேத்தி அதே கணக்கைப் போனில் பார்க்கிறாள். கல் வளைந்து போவது படமாகவே ஓடுகிறது. மாதத்தில் எந்த நாளானாலும் புத்தகம் அவள் மடியிலேயே இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு அலுப்பதே இல்லை.

போன வாரம் மல்லிகா வந்திருந்தாள். கையிலேயே கொடுத்திருக்கலாம்... பழக்கம், கொய்யாவைத் தூக்கித்தான் போட்டேன். பிடிக்கத் தவறிவிட்டாள்.

"இப்பல்லாம் சீக்கிரமா வுழுந்துடுது அண்ணி."

இல்லை. விழுகிற நேரம் அதேதான். குனிந்து எடுக்கத்தான் எங்கள் இருவருக்கும் நேரமாகிறது.