நான் அழித்த சேலை டிசைன்கள்

என் மருமகள் மேல் நான் பொய்ப்பழி போட்டேன்.

ஆட்டையாம்பட்டித் தறிகளுக்காக அவள் சேலை டிசைன் வரையும் கம்ப்யூட்டரில், யாரையும் கேட்காமல் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தை ஏற்றினேன். டிஸ்க் முழுவதையும் அழிக்கவா என்று ஆங்கிலத்தில் கேட்டது. நான் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். பழைய சிஸ்டம் மட்டும்தான் போகும் என்று நினைத்து 'ஆம்' என்பதை அமுக்கினேன். மூன்று வருட டிசைன்களும் போயின. புதுத் திரையில் எங்கே தேடுவதென்றுகூடத் தெரியவில்லை.

"ஏனுங்க மாமா, என்ற டிசைனெல்லாம் எங்கீங்க?"

"நேத்து நீதான் எதையோ அமுத்தி அழிச்சிருப்ப."

"நானாங்க?" என்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். தறிக்காரர் வீடுகளில் அவள் டிசைன் சேலைகளைத் தேடிப் படமெடுத்து வந்தேன். பதினொன்றுதான் கிடைத்தன.

அவற்றைப் பார்த்து மறுபடியும் வரைகிறாள். ஆனால் கம்ப்யூட்டர் சற்றுத் திணறினாலும், நான் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறாள்: "நான் எதையும் அமுத்தலீங்க மாமா."