அக்காவின் அளவு

ஆடி மாதம் குற்றாலத்தில் ஒரு கூடம் பிடித்து வரிசையாகப் பட்டுத்துணியைத் தொங்கவிட்டால் ஜனம் என்ன நினைக்கும்? தள்ளுபடி என்றுதான் நினைக்கும். தலையில் எண்ணெயும் தோளில் ஈரத்துண்டுமாக அருவியிலிருந்து வந்தவர்கள், ‘பேய்ப் பட்டு: கண்காட்சி’ என்று எழுதியிருந்த பலகையைத் தாண்டி நேரே உள்ளே வந்து துணியைத் தடவிப் பார்த்தார்கள். “எத்தன பெர்சென்ட்டு குறைச்சுத் தாரீய?” என்று ஒரு அண்ணாச்சி கேட்டார். விற்பதற்கில்லை, பார்ப்பதற்குத்தான் என்றேன். “பொறவு எதுக்குக் கடையப் போட்டிருக்கீய?” என்று கோபித்துக்கொண்டு போனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தென்காசியிலிருந்து பஸ் ஏறிவிட்டதாக அம்மா போனில் சொல்லியிருந்தாள்.

என் அக்கா பத்து வயதில் மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். எனக்கு அப்போது நாலு வயது. கல்யாணமாகாமல் போன பெண்பிள்ளையைக் கன்னித் தெய்வமாக வைத்துக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். வருஷா வருஷம் ஆடியில் அவளுக்கென்று புதுப் பட்டுப்பாவாடையும் சட்டையும் எடுத்து, வளையல், பவுடர், சீப்போடு ஓலைப்பெட்டியில் வைத்துப் படைப்பார்கள். படைத்த துணியை வீட்டிலிருக்கும் பெண்பிள்ளை உடுத்த வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது நான் ஒருத்திதான்.

செத்தவளுக்கு வயது ஏறாது. அதனால் அம்மா ஒவ்வொரு முறையும் பத்து வயதுப் பிள்ளையின் அளவில்தான் தைக்கக் கொடுத்தாள். சின்னதில் அந்தப் பாவாடை தரையில் புரண்டு என்னைத் தடுக்கிவிட்டது. பத்து வயதில் கச்சிதமாகப் பொருந்தியது. அந்த வருஷம் அம்மா வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பார்த்தது என்னை இல்லை. அதற்கப்புறம் நான் வளர்ந்துகொண்டே போனேன், சட்டை வளரவில்லை. கொக்கி மாட்டுவதற்காக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, கற்பூரம் அணைகிற வரைக்கும் விடாமல் நின்றிருக்கிறேன். கக்கத்தில் ஜரிகை அறுத்துச் சிவந்திருக்கும். வளர்ந்ததே நான் செய்த குற்றம்போல அம்மா பெருமூச்சு விடுவாள். எனக்கு அக்காமேல் அப்போது வந்ததெல்லாம் எரிச்சல்தான், பக்தி இல்லை.

நான் வயதுக்கு வந்து தாவணிக்கு மாறியபிறகு பாவாடை உடுத்த ஆளில்லை. ஆனாலும் வருஷம் தவறாமல் எடுத்தார்கள். பாவாடைகள் பீரோவில் சேர்ந்தன. என் கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அத்தனையையும் மூட்டையாகக் கட்டி என்னிடமே கொடுத்தாள். “ஒனக்குப் பொம்பளப்பிள்ள பொறந்தா ஆவும்.”

பிறந்தது. போன தையில் அம்மா போன் பண்ணி, “ஆடிக்கு அவளுக்குப் பத்து ஆயிருதுல்லா? அளவு சரியா இருக்கும்ட்டி” என்றாள். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். அன்றைக்குத்தான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

துணியை வெட்டி ஒட்டுப்போட்டுப் படமாக்குவதுதான் என் வேலை. ஒரு பாவாடையைப் பிரித்து இன்னொன்றோடு சேர்த்தேன். அக்காவுக்குப் பதினைந்து வயதென்றால் இவ்வளவு உயரம், இருபதென்றால் இவ்வளவு, பிள்ளை பெற்றிருந்தால் இடுப்பு இவ்வளவு என்று வளர்த்துக்கொண்டே போனேன். உள்ளே ஆளில்லாத உடைகள், ஒன்றைவிட ஒன்று பெரிது. கடைசி உடைக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பேயை வளரவிட்டால் பத்து வயதுச் சட்டை யாருக்கும் தேவைப்படாது என்பது என் கணக்கு. என் மகளை அந்தக் கொக்கிக்குள் மாட்டவிடக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா வந்தாள். வாசலில் நின்று பலகையைப் படித்துவிட்டு, “ஏட்டி, எம்பிள்ள பேயாட்டி?” என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவள் கழற்றியதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் கழற்றினார்கள். சாரலுக்கு ஜன்னல்களை அடைத்திருந்ததால் கூடம் புழுங்கியது. கன்னிக்குப் படைத்த பட்டை வெட்டியதற்கு நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைவாள் என்று பயந்து நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

முதல் பாவாடை முன்னால் அவள் அதிக நேரம் நிற்கவில்லை. அடுத்ததற்குப் போனாள். பிறகு அதற்கடுத்தது. ஒவ்வொன்றையும் கிட்டப் போய்த் தன் உயரத்தோடு வைத்துப் பார்த்தாள். கடைசி உடையின் தோள் ஒருபக்கம் சரிந்திருந்தது. அதை இழுத்துச் சரிசெய்துவிட்டு அழத் தொடங்கினாள்.

“இம்புட்டுப் பெரிய பொம்பள ஆயிட்டா. நான் கிறுக்கி, இன்னும் பாவாடையில்லா எடுத்துக்கிட்டிருக்கேன்.”

எனக்கும் கண் நிறைந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். “ஆமாம்மா. பாப்பாவுக்கு இனிமே வேண்டாம்மா” என்றேன்.

“அவளுக்கு எப்படிட்டி சேரும்? ஒங்க அக்காவுக்கு இனிமே சேலைதான் எடுக்கணும்” என்றவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். தோளை, கையை, இடுப்பை.

“நீ கூடப்பொறந்தவதான, நீயே உடுத்திக்கிடலாம். ஒன் அளவு ரவிக்க ஒண்ணு குடு. ஆடி முடியதுக்குள்ள தச்சிரணும்.”

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். கூடத்தில் எல்லோரும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் மூலையில் உட்கார்ந்து நேந்திரங்காய் சிப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். நான் மாட்டேன் என்று சொன்னால் அம்மாவின் கண் அடுத்து எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

“சரிம்மா, நாளைக்குக் கொண்டாரேன்” என்றேன்.