எலுமிச்சை மரத்தில் ஒரு செங்காவிப் பொட்டு

இதை எழுதப் பல வருஷம் தயங்கினேன். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டிலிருந்து காத்தோங்குக்கு வீடு மாறியபோது, வெள்ளிதோறும் அம்மனுக்குப் பழம் தந்த எலுமிச்சை மரத்தையும் வேரோடு பெயர்த்துப்போகத் தோட்டக்காரர் மாரிமுத்துவை அழைத்தேன். தோண்டுமுன் அவர் மரத்தில் செங்காவியால் ஒரு பொட்டு வைத்தார். எலுமிச்சை, சிவப்புப் பொட்டு. சூனியம்தான் என்று சந்தேகப்பட்டு, மரத்தை ஏற்றிய மாட்டுவண்டி கிளம்புமுன் துடைத்துவிட்டேன்.

புது வீட்டில் அவர் மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"பொட்டைக் காணோமே, ஐயா! அது வெச்ச பக்கம்தான் கிழக்கு. நீங்க கிழக்கப் பாத்துத்தானே கும்பிடுறீங்க? மரத்துக்கும் பழகின பக்கத்துல வெயில் படணும்."

பொட்டு இருந்த இடம் எனக்குத் தெரியும். துடைத்ததை ஒப்புக்கொள்ள வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். அவர் குத்துமதிப்பாக நட்டார். வெயில் பழகாத பக்கம் பட்டை வெடித்து மரம் பட்டுப்போனது. கைராசி இல்லாதவர் என்று அவருக்குப் பேராகி, அதன்பின் யாரும் அவரை வேலைக்கு அழைக்கவில்லை.

இதைப் பிறரிடம் சொல்பவர்கள் மாற்றாமல் சொல்லுங்கள்: துடைத்தது என் கை.