இருபத்து நாலு இன்ச்சும் எதிர்த் தாழ்வாரமும்

1. மாடியிலிருந்து கவுண்டருக்கு

பேசத் தெரிந்தவர் வேலையை விட்டுப் போனதால்தான் பேசத் தெரியாத நான் கவுண்டருக்கு வந்தேன்.

தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் எங்கள் கடை. கீழே ரேடியோவும் டி.வி.யும். மாடியில் மின்விசிறி கோடவுன். சென்னைக்கு டி.வி. வந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. கறுப்பு வெள்ளைப் படம், ஒரே ஒரு சானல். இன்று கலர் டி.வி. விற்கும் தம்பிகளுக்கு இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அந்த ஒரு சானலை எந்த செட்டில் பார்ப்பது என்பதற்கு ஜனங்கள் மாதக்கணக்கில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள்.

எங்களிடம் டி.வி. விற்றுக்கொண்டிருந்தவர், வந்தவர் மூச்சு விடுவதற்குள் பில் போட்டுவிடுவார். ஒரு திங்கட்கிழமை காலை அவர் எதிர்க் கடை வாசலில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அங்கே கூடுதல் சம்பளமாம். எங்கள் முதலாளி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் பதிலுக்குக் கையசைக்கவில்லை. மாடியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏலே சண்முகம்! கீழ எறங்கி வா. இன்னையிலேருந்து நீதான் டி.வி. கவுண்டரு."

"அண்ணாச்சி, எனக்குப் பேச வராது."

"வராட்டா என்னலே? நீ டி.வி.யப் போட்டுவிடு. அது பேசிக்கிடும்."

எனக்கு அப்போது முப்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு முடிந்திருந்தது. புது மனிதர் முன்னால் நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் மாடியில் எனக்கு வேறு தொல்லை இருந்தது. ஃபேன்கள் வைக்கோல் திணித்த பெட்டிகளில் வரும். அந்தத் தூசி எனக்கு மூச்சிழுப்பாக மாறியிருந்தது. கோடவுனை விட்டு விலகாவிட்டால் நெஞ்சு சரியாகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கவுண்டரில் தூசி இல்லை, மனிதர்கள்தான் இருந்தார்கள். இரண்டையும் யோசித்துப் பார்த்துவிட்டு மனிதர்களே பரவாயில்லை என்று இறங்கி வந்தேன்.

இரண்டு வாரம் ஒன்றும் விற்கவில்லை. அண்ணாச்சி என்னையும் மாடிப்படியையும் மாறி மாறிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

2. யார் மூலைக்கு மூலை பார்க்கிறார்கள்?

அப்போதுதான் மயிலாப்பூரிலிருந்து சேஷாத்ரி என்பவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஏதோ சர்க்கார் ஆபீசில் உத்தியோகம். நெற்றியில் கீற்று நாமம், கையில் குடை. தனக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

"என் தம்பி ஆத்துல இருவது இன்ச்சு வாங்கியிருக்கான். நேக்கு அதைவிடப் பெரிசா வேணும். ஆனா வெலை ரொம்ப ஜாஸ்தி ஆகப்படாது. ஆபீஸ் லோன் எவ்வளவோ அவ்வளவுதான்."

அந்த விலைக்கு அன்று கடையில் இரண்டு வழிதான் இருந்தது. ஒன்று, பெயர் பெற்ற கம்பெனியின் இருபது இன்ச் செட். தேக்கு மரக் கேபினெட், இரண்டு பக்கமும் திறந்து மூடும் கதவுகள். மற்றொன்று, கிண்டியில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்னக் கம்பெனியின் இருபத்து நாலு இன்ச். பிக்சர் டியூப் நல்ல டியூப். ஆனால் அதற்கே காசெல்லாம் போய்விட்டதால் கேபினெட்டுக்குக் கதவு கிடையாது. பார்ப்பதற்கு மொட்டையாக இருக்கும். பெயர் பெற்ற கம்பெனியின் இருபத்து நாலு இன்ச்சும் இருந்தது. அதன் விலைச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சேஷாத்ரி குடையை வேறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

பிறகு அந்த மொட்டை செட்டின் எதிரில் நின்று முகத்தைச் சுளித்தார்.

"இது பெரிசா? தம்பியோடது ஜன்னல்ல ஆறு கம்பியை மறைக்கறது. இது நாலு கம்பி கூட மறைக்காது போலிருக்கே!"

விசாரித்ததில் விஷயம் புரிந்தது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். பாகப்பிரிவினையில் முன்கட்டு அண்ணனுக்கு, பின்கட்டு தம்பிக்கு, நடுவில் இருந்த முற்றம் பொது. பேச்சு வார்த்தை நின்று பல வருஷமாகிவிட்டது. பேச்சு வார்த்தை இல்லாத வீட்டுக்குள் போய் டி.வி.யை அளக்க முடியாதல்லவா? அதனால் சேஷாத்ரி முற்றத்துக்கு இந்தப் பக்கம் நின்றபடி, தம்பியின் தாழ்வாரத்தில் டி.வி. மறைத்துக்கொண்டிருந்த ஜன்னல் கம்பிகளை எண்ணிக் கணக்கெடுத்திருந்தார். தம்பியுடையது கதவு வைத்த கேபினெட். இரண்டு கதவும் விரியத் திறந்திருந்ததையும் சேர்த்து எண்ணிவிட்டார்.

"அது கதவு சார். படம் வர்ற கண்ணாடியை மட்டும், மூலைக்கு மூலை அளக்கணும்" என்றேன். அன்று நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான்.

"மூலைக்கு மூலை யார் பார்ப்பா? நேராத்தானே பார்ப்பா?"

அவர் இருபது இன்ச்சின் மேல் கையை வைத்து என் முகத்தைப் பார்த்தார். குடையின் கம்பி பாலிஷில் கீறிவிடுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் கையை எடுத்துவிட்டார். இருபத்து நாலின் மேல் வைத்தார். அதில் பாலிஷே கிடையாது. எனக்கு நிம்மதியாக இருந்தது.

"புரியறது. நீ வாயைத் திறக்காட்டாலும் உன் மூஞ்சி உண்மையைச் சொல்றது. இதையே டெமோவுக்கு அனுப்பு" என்றார்.

டெமோ என்பது அந்நாளைய வழக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சினிமாப் படம் போடுவார்கள். அன்று செட்டை வீட்டுக்கே கொண்டுபோய் ஓட்டிக் காட்டுவோம். பிடித்திருந்தால் மறுநாள் கடைக்கு வந்து பணம் கட்டுவார்கள். வாரம் ஒரு கடையில் டெமோ சொல்லி, குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு, "மூக்கு சரியா தெரியல" என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு. அண்ணாச்சி அப்படிப் பலமுறை ஏமாந்தவர்.

"ஏலே, இந்த செட்டும் படம் பாத்துட்டுத் திரும்பி வந்துச்சுன்னா, நீயும் அது கூடவே மாடிக்குப் போயிரணும். சொல்லிட்டேன்" என்றார்.

எனக்கு அப்போதே இரண்டு தும்மல் வந்தது.

3. இடதா, வலதா

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் ரிக்‌ஷாவில் செட்டை மடியில் வைத்துக்கொண்டு போனேன். பின்னாலேயே ஆண்டெனாக் குழாய்களோடு சைக்கிளில் காதர் பாய் வந்தார். கடைக்கு ஆண்டெனா மாட்டுகிறவர் அவர்தான். சைதாப்பேட்டைக்காரர், வெண்கலக் குரல்.

அந்த வீட்டு முன்கட்டில் ஒரு குறுகலான ஹால். தெருப்பக்கச் சுவரில் செட்டை வைத்தால் எதிரில் ஆறடிக்குள் முற்றம் வந்துவிடும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் தம்பி வீட்டுத் தாழ்வாரம். தம்பி கோபாலனும் அவர் மனைவியும் அங்கே தங்கள் டி.வி.க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். முற்றத்துக் கொடியில் புடவை காய்ந்துகொண்டிருந்ததால் பாதிதான் தெரிந்தது.

சேஷாத்ரி மனைவியைக் கூப்பிட்டார். "அந்தப் பொடவையை எடு. அவா கண்ணுல நன்னாப் படட்டும்."

மொட்டை மாடியிலிருந்து காதர் பாய் எட்டிப் பார்த்தார்.

"சாமி, இங்க ஏற்கெனவே ஒரு ஆண்டெனா கீதே! அதுலேர்ந்தே ஒரு வயர் இஸ்துக்கலாம். செலவு மிச்சம்."

"அவன் ஆண்டெனாவுல வர்ற படம் நேக்கு வேண்டாம். தனியா மாட்டும்."

இரண்டு ஆண்டெனாவும் ஒரே டவரைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

ஆண்டெனாவைத் திருப்பி வைப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். மேலே ஒருவர் திருப்புவார். கீழே இருப்பவர் படத்தைப் பார்த்து, சரியாக வந்ததும் கத்த வேண்டும். கத்த வேண்டியவன் நான். படத்தில் கோஸ்ட் விழுந்திருந்தது. அதாவது, ஒவ்வொரு ஆளுக்கும் பக்கத்தில் நிழல் மாதிரி இன்னொரு ஆள். நான் வாயைத் திறந்தேன். முற்றம் வரைகூடச் சத்தம் போகவில்லை.

"இன்னா நைனா, தெர்தா இல்லியா? வாய்ல இன்னா வச்சிக்கினு கீற?" என்றார் காதர் பாய்.

"இன்னும்..." என்றேன்.

"இன்னும்னா? எந்தப் பக்கம்பா? நான் இன்னா ஜோசியமா பாக்கறேன்?"

படம் ஆரம்பிக்க நேரமாகிவிட்டது. ஆறடியில் உட்கார்ந்திருந்த சேஷாத்ரிக்கு அத்தனை பெரிய திரையில் கோடும் புள்ளியும்தான் தெரிந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எனக்கு மாடிக் கோடவுனின் வைக்கோல் நாற்றம் இப்போதே மூக்கில் அடித்தது.

அப்போது முற்றத்துக்கு எதிர்ப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"பாய்! கொஞ்சம் லெஃப்ட்ல திருப்பும்!"

கோபாலன்தான். நல்ல தூரத்தில் இருந்ததால், திரும்பிப் பார்த்த அவருக்கு எங்கள் செட்டின் கோஸ்ட் தெளிவாகத் தெரிந்தது. சேஷாத்ரியின் முதுகு நிமிர்ந்தது. அவர் தம்பியைப் பார்க்கவில்லை, மாடியைப் பார்த்தார்.

"பாய், கண்டவா சொல்றதைக் கேக்காதேயும். ரைட்ல திருப்பும்!"

காதர் பாய் ரைட்டில் திருப்பினார். ஒரு ஆளுக்குப் பக்கத்தில் இரண்டு ஆள் நின்றார்கள்.

"பாய், ஆத்துக்காரருக்கே கண்ணு தெரியலேன்னா நீர் என்ன பண்ணுவீர்? லெஃப்ட்!"

"யாருக்குக் கண்ணு தெரியலேங்கறான், பாய்?"

"யப்பா சாமிங்களா! ரெண்டு பேரும் ஒரு பக்கமா சொல்லுங்கோ. நான் இன்னா காத்தாடியா, சுத்திக்கினே இருக்க?"

உள்ளேயிருந்து சேஷாத்ரி வீட்டு மாமி வந்து நின்றார். "ஏன்னா, படம் ஆரம்பிச்சுடுத்து. அவர் சொல்றாப்பலதான் விட்டுப் பாருங்களேன்."

சேஷாத்ரி கண்ணாடியை மறுபடி துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "பாய், உமக்கு எது சரின்னு படறதோ அப்படித் திருப்பும்" என்றார். தம்பி பேச்சைக் கேட்டதாக ஆகக் கூடாதல்லவா?

காதர் பாய்க்கு லெஃப்ட்தான் சரியென்று பட்டது. கோஸ்ட் மறைந்து, ஆளுக்கொரு ஆளாக நின்றார்கள்.

படம் பாதி ஓடியபோது எதிர்த் தாழ்வாரத்தில் கோபாலனின் மனைவி எழுந்தார். தங்கள் டி.வி.யை அணைத்துவிட்டு, நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் பெரிய படம் வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது, அப்புறம் எதற்குச் சின்னது?

சேஷாத்ரி என் தோளைப் பிடித்து அழுத்தினார். "பாத்தியா? அணைச்சுட்டா! நாளைக்குக் கார்த்தால கடைக்கு வரேன்."

4. பத்தடி

திங்கட்கிழமை வந்தார். கூடவே மாமியும் வந்தார். மாமியின் நெற்றியில் பற்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் அண்ணாச்சியின் பார்வை மாடிப்படிக்குப் போனது.

"இது வேண்டாம். ராத்திரி பூரா தலைவலி. மூஞ்சிக்கு மூஞ்சி வந்து நிக்கறா எல்லாரும். இருவது இன்ச்சே குடுங்கோ" என்றார் மாமி.

"இருவதா? அவன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார் சேஷாத்ரி.

"இப்போ மட்டும் முழிக்கறேளா?"

அண்ணாச்சிக்கு இருபது இன்ச்சை விற்பதில் ஆட்சேபணை இல்லை. ஆனால் இருபது இன்ச்தான் என்றால் இன்னும் நாலு கடை பார்த்துவிட்டு வருவதாக மாமி சொன்னபோது அவர் என் இடுப்பில் ஒரு குத்து விட்டார். நான் பேசியாக வேண்டும்.

"பத்தடி தள்ளி உக்காந்தா தலை வலிக்காதும்மா" என்றேன். அது உண்மைதான். பெரிய திரைக்கு அவ்வளவு தூரம் வேண்டும். டெமோவுக்குப் போகும் முன்பே இடத்தைக் கேட்டிருக்க வேண்டும். எங்கள் கடையில் யாரும் கேட்டதில்லை. ஜனங்கள் பையிலுள்ள பணத்தைச் சொல்வார்கள், நாங்கள் செட்டைக் காட்டுவோம்.

"பத்தடிக்கு எங்கே போறது? அது அவாத்துத் தாழ்வாரம்னா!" என்றார் சேஷாத்ரி.

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தரையைப் பார்த்தேன். பழைய சேல்ஸ்மேனாக இருந்தால் அந்த இடைவெளியில் கேபினெட்டைப் பற்றி ஏதாவது சொல்லி நிரப்பியிருப்பார். எங்கள் நாலு பேருக்கும் நடுவில் ஃபேன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, நான் அங்கயே போய் உக்காந்துக்கறேன்" என்றார் மாமி.

"எங்கே?"

"தாழ்வாரத்துலதான். பொடவை உணத்தறச்சே நானும் அவளும் தினம் பேசிண்டுதானே இருக்கோம். சண்டை உங்க ரெண்டு பேருக்கு. எங்களுக்கு என்ன வந்தது?"

சேஷாத்ரி குடையை ஊன்றிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷமாகத் தனக்குப் பின்னால் இப்படியொரு சமாதானம் நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவே இல்லை. அந்த அதிர்ச்சியிலேயே இருபத்து நாலு இன்ச்சுக்குப் பணம் கட்டினார்.

அவர்கள் போனதும் அண்ணாச்சி சொன்னார். "கெட்டிக்காரன்லே நீ! எந்த எடத்துல சும்மா இருக்கணுமோ அந்த எடத்துல சும்மா இருந்த பாத்தியா? எதுத்த கடைக்குப் போனவம் இருந்திருந்தா பேசியே கெடுத்திருப்பாம். நீ கவுண்டர்லயே நில்லு. பேச்சு கீச்சுன்னு படிச்சுத் தொலச்சிராத."

இதைத் திறமை என்று எடுத்துக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கவுண்டரிலேயே தங்கிவிட்டேன். நெஞ்சு நன்றாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து, சர்வீசுக்கு வந்த கம்பெனி ஆளோடு ஒரு ஞாயிறு அங்கே போனேன். எதிர்த் தாழ்வாரத்தில் இரண்டு குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது. முறுக்குத் தட்டு கைமாறிக்கொண்டிருந்தது. சேஷாத்ரி மட்டும் முற்றத்தைத் தாண்டவில்லை. வாங்கின செட்டுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு ஸ்டூல் போட்டு, படம் தெரியாத கோணத்தில் உட்கார்ந்திருந்தார். படம் மேலும் கீழும் ஓட ஆரம்பித்தது. அதைப் பிடித்து நிறுத்தும் திருகுக்கு வெர்டிகல் ஹோல்ட் என்று பெயர்.

"அண்ணா, வெர்டிகல் ஹோல்டைக் கொஞ்சம் திருப்பு" என்றார் கோபாலன்.

"போறுமா?" என்றார் சேஷாத்ரி, திரும்பாமல்.

"போறும்."

எனக்குத் தெரிந்தவரை அதற்கப்புறமும் பல வருஷத்துக்கு அவர்களுக்குள் நடந்த சம்பாஷணை இவ்வளவுதான். ஆனால் அந்த செட்டில் வெர்டிகல் ஹோல்ட் அடிக்கடி கெடும். கம்பெனி ஆள் அதைச் சரி செய்யப் போனபோது, "அது கிடக்கட்டும், ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று அவரைத் தடுத்தவர் சேஷாத்ரிதான்.

அன்றிலிருந்து பெரிய டி.வி. கேட்டு வருகிறவர்களிடம் முதலில் ஹால் எத்தனை அடி என்று கேட்டுவிடுவேன். பணம் எவ்வளவு என்பதை அதற்கு அப்புறம் கேட்டால் போதும். எதிர்ப் பக்கம் குடியிருப்பது யார் என்றும் கேட்கத் தோன்றும். அதை மட்டும் இன்றுவரை கூச்சத்தால் கேட்டதில்லை.