லாக்கிக்குக் கொடுக்காத பந்து

எங்கள் லோகன்முயர் சுரங்க ஊரில் எபன் கெடஸைப் பற்றிப் பேச்செடுத்தவர் எவரும் லாக்கி பர்டியில்தான் போய் முடிப்பார். எபனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

இருவரும் ஒரே சுரங்கத்தில் இறங்கியவர்கள். ஊர்க் கால்பந்து அணியில் சேர்ந்து ஆடியவர்கள். எபன் நடுவில் நின்று பந்தைப் பிரித்தனுப்புவான். லாக்கி இடது ஓரக்கோட்டில் காற்றெனப் பறந்து அதைக் கோல் கம்பத்தின் முன் சேர்ப்பான். கிளாஸ்கோவிலிருந்து பெரிய அணிக்கு ஆள் தேடி வந்தவர் ஓடியவனை அழைத்துப் போனார்; அனுப்பியவனை விட்டுப் போனார். சில ஆண்டுகளில் லாக்கி இத்தாலிக்கே ஆடப் போய்விட்டான்.

அதன்பின் ரொட்டிக் கடையில் லாக்கியின் கோலைப் பற்றிப் பேச்சு, தேவாலய வாசலில் லாக்கியின் வெள்ளைக் காரைப் பற்றிப் பேச்சு. எபன் தலையசைத்துக் கேட்பான். லாக்கிக்கு இடது காலால் மட்டுமே ஆட வரும் என்பான். ஞாயிறுதோறும் துதிப்பாட்டில் எவரினும் உரக்கப் பாடுபவன், அயலான் உடைமையை விரும்பாதே என்னும் கட்டளை வரும்போது மட்டும் தொண்டையைச் செருமுவான்.

ஒரு கோடையில் லாக்கி விடுமுறைக்கு வந்தான். சுரங்கத் திருவிழா அன்று பக்கத்து ஊரோடு நடக்கும் பந்தயத்தில் பழைய இடத்திலேயே ஆட ஒப்புக்கொண்டான். எபன் அன்று காலைக் கஞ்சியின்போதே தன் மனைவி நெட்டாவிடம் சொல்லிவிட்டான்: "ஒரு பந்துகூட அவனுக்குப் போகாது. பந்து போகலேன்னா ஓரத்துல நிக்கிறவன் வெறும் வேலிக்கம்பு. ஊரு பாக்கட்டும்."

"இத்தன வருஷமா நீ அவனோடதான்யா குடும்பம் நடத்துற," என்றாள் நெட்டா. "நான் கஞ்சி காய்ச்சத்தான் இருக்கேன்." பிள்ளைகளுக்கு பன் கொடுக்கும் கூடாரத்துக்கு அவள் போய்விட்டாள்.

சொன்னபடியே எபன் எல்லாப் பந்தையும் வலப்புறமே அனுப்பினான். லாக்கி இரண்டொரு முறை கையுயர்த்தினான், பிறகு உயர்த்தவில்லை. இடது பக்கம் வாதம் அடித்துவிட்டதா, டாக்டரைக் கூப்பிடவா என்று கசாப்புக் கடைக்காரர் கோட்டருகே நின்று எபனைக் கேட்டார். ஆனால் எதிரணியின் தடுப்பாட்டக்காரர் இருவர் லாக்கியின் பேருக்கே அஞ்சி அவனை ஒட்டி நின்றனர். அவன் ஓரத்துக்கு நகர நகர, அவர்களும் நகர்ந்தனர். எபனுக்கு முன்னே தெருவளவு வெளி திறந்தது. உள்ளே புகுந்து கோல் அடித்தான். இடைவேளைக்குப் பின் இன்னொன்றும் அடித்தான். ஒரே ஆட்டத்தில் இரண்டு கோல் அவன் அதுவரை அடித்ததில்லை.

ஆட்டம் முடிந்ததும் மதுக்கடையில் லாக்கி ஒரு பீர்க் கோப்பையை எபன் முன்னே வைத்தான்.

"ஒனக்குக் குடுக்கக் கூடாதுன்னுதான் ஆடினேன்," என்றான் எபன்.

"தெரியும்டா. மொதப் பந்துலயே தெரிஞ்சுபோச்சு. அதான் அவனுங்க ரெண்டு பேரையும் வெளிய இழுத்துக்கிட்டே போனேன். நீயாவது கோல் போடுவியேன்னு."

ஆட்டம் அறிந்த எபனுக்கு அது பொய்யில்லை என்பது விளங்கிற்று. கோப்பையைத் தொடாமல் வீட்டுக்கு நடந்தான்.

கூடாரத்திலிருந்து திரும்பிய நெட்டா, ஊர் ஜெயித்ததாமே, யார் கோல் போட்டது என்று கேட்டாள்.

எபன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னான்: "லாக்கி."